வளாக வைஃபையில் இணையாத கைபேசி: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிதல்

"சார், வைஃபை வரல" என்று சொல்லி எங்கள் உதவி மேசையில் நீட்டப்படும் கைபேசிகளில் குறைந்தது ஏழு விதமான கோளாறுகளைப் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழக வைஃபையில் ஒரு கைபேசி இணைவது ஒரே செயல் போலத் தோன்றினாலும், உண்மையில் அது ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் பல படிகள். முதலில் வைஃபையின் பெயர் தெரிய வேண்டும். பிறகு பயனர் யார் என்பதைச் சர்வர் ஏற்க வேண்டும், சர்வர் யார் என்பதைக் கைபேசியும் ஏற்க வேண்டும். அதன்பின் நெட்வொர்க்கில் கைபேசிக்கான எண் முகவரியான ஐபி முகவரி கிடைக்க வேண்டும். சில வளாகங்களில் லாகின் பக்கமும் திறக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் வாட்ஸ்அப்பும் யூடியூபும் ஓடும். எந்தப் படியில் தடைபட்டது என்பதைக் கைபேசியின் திரை பெரும்பாலும் தானே சொல்லிவிடுகிறது. நாம்தான் அதைப் படிப்பதற்கு முன்பே சேமித்த இணைப்பை மறக்கச் செய்யும் "ஃபர்கெட் நெட்வொர்க்" என்பதை அழுத்தி, கிடைத்திருக்க வேண்டிய தடயத்தை அழித்துவிடுகிறோம்.

ஆகவே கடலூர், புதுச்சேரிப் பகுதிக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வைஃபையைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது இது: கைபேசியை வாங்கியவுடன் எதையும் அழிக்காதீர்கள். வைஃபை பட்டியலில் நம் நெட்வொர்க்கின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் வாசகத்தை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில், எத்தனை மணிக்கு நடந்தது என்று கேளுங்கள். பக்கத்தில் இருந்த நண்பரின் கைபேசி அந்நேரம் வேலை செய்ததா என்றும் கேளுங்கள். ஒரு கைபேசிக்கு மட்டும் வரும் கோளாறு வேறு, ஒரு கட்டடத்திற்கே வரும் கோளாறு வேறு. இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் நல்ல கைபேசிகளை மணிக்கணக்கில் நோண்டியவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்தான்.

வைஃபையின் பெயரே பட்டியலில் இல்லை

நண்பரின் கைபேசியில் தெரியும் பெயர் இவருடையதில் தெரியவில்லை என்றால், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை இவருடைய கைபேசி பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். விலை குறைந்த கைபேசிகளிலும், சண்டே மார்க்கெட்டில் கைமாறி வந்த பழைய கைபேசிகளிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே இருப்பது உண்டு. புதிய கட்டடங்களில் நெரிசலைக் குறைப்பதற்காக 2.4-ஐ முற்றிலும் நிறுத்திவிட்டோமானால், அந்தக் கைபேசிகளுக்கு நம் நெட்வொர்க் இல்லாத ஒன்றாகிவிடும். இதற்குக் கைபேசியில் செய்யக்கூடிய பரிகாரம் எதுவுமில்லை. அந்தக் கட்டடத்தில் வைஃபை அலையைப் பரப்பும் கருவிகளான ஆக்சஸ் பாயிண்ட்டுகள் சிலவற்றிலாவது 2.4-ஐத் திறந்து வைக்க வேண்டும்.

5 கிகாஹெர்ட்ஸ் இருந்தும் சில இடங்களில் மட்டும் பெயர் மறைகிறது என்றால் சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ரேடாரின் அலை இருப்பதாக ஆக்சஸ் பாயிண்ட் கருதினால், அது உடனே அந்தச் சேனலை விட்டு விலகியாக வேண்டும். சில கைபேசிகளும் இந்தச் சேனல்களை மெதுவாகத்தான் தேடும். புதுச்சேரிக்கே உரிய இன்னொரு வகையும் உண்டு. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினரோ, ஆய்வுக்காக வந்தவரோ தம் நாட்டு சிம்முடனேயே கைபேசியைக் கொண்டுவருவார். எந்தச் சேனல்களில் தேடலாம் என்பதைச் சில கைபேசிகள் சிம்மின் நாட்டுக் குறியீட்டைப் பார்த்து முடிவு செய்வதால், 149 முதல் 165 வரையுள்ள சேனல்கள் அவற்றுக்குத் தெரியாமல் போக வாய்ப்புண்டு. 36 முதல் 48 வரை ஓடும் ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றின் அருகே அவரை அழைத்துச் சென்று பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மீண்டும் மீண்டும் கடவுச்சொல் கேட்கிறது

நம் வேலையில் பாதி இதுதான். ஆகவே இதில் சற்று நிற்க வேண்டும்.

வீட்டு வைஃபையில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். வளாக வைஃபையில் 802.1எக்ஸ் முறைப்படி ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். அவற்றை ரேடியஸ் சர்வர் சரிபார்க்கும். எனவே கைபேசியை எடுத்துப் பார்ப்பதற்கு முன் சர்வரின் பதிவேட்டைத் திறந்து, அந்த மாணவர் முயன்ற நேரத்தில் என்ன நடந்தது என்று பார்த்துவிடுவதே சிக்கனமான வழி. அங்கே மூன்றில் ஒரு காட்சி இருக்கும். சர்வர் தெளிவாக மறுத்திருந்தால் பெயரிலோ கடவுச்சொல்லிலோ பிழை. உரையாடல் தொடங்கிப் பாதியில் அறுந்திருந்தால், தான் யார் என்று காட்ட நம் சர்வர் நீட்டும் சான்றிதழைக் கைபேசிதான் ஏற்க மறுத்திருக்கிறது. பதிவே இல்லை என்றால் அந்தக் கோரிக்கை சர்வர் வரை வந்து சேரவில்லை. ஆக்சஸ் பாயிண்டிலோ அவற்றை ஆளும் கன்ட்ரோலரிலோ தேட வேண்டுமே தவிர, மாணவரிடம் கடவுச்சொல்லை மாற்றச் சொல்வதில் பொருளில்லை. திரையில் இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே வாசகம்தான் வரும் என்பதால் பதிவேட்டைப் பார்க்காதவர் மூன்றையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்வார்.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு சேர்க்கை முடிந்த வாரத்தில் பாகூரிலிருந்து வரும் முதலாண்டு மாணவி ஒருவர் மூன்றாம் முறையாக மேசைக்கு வந்தார். "அதே பாஸ்வேர்டுதான் சார், லேப்டாப்ல போகுது, போன்ல போகல" என்றார். பதிவேட்டில் பார்த்தால் அவருடைய பதிவெண் சரியாகவே இருந்தது; ஆனாலும் அப்படியொரு பயனர் இல்லை என்று சர்வர் மறுத்திருந்தது. அந்த வரியை நகலெடுத்து வேறொரு இடத்தில் ஒட்டிப் பார்த்தபோதுதான் பதிவெண்ணுக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. கைபேசியின் விசைப்பலகை பரிந்துரைத்த சொல்லை அவர் தொட்டிருக்கிறார். விசைப்பலகை தன் வழக்கப்படி சொல்லின் முடிவில் ஓர் இடைவெளியையும் சேர்த்துவிட்டது. கண்ணால் பார்த்தால் ஒருபோதும் தெரியாது. அன்றிலிருந்து பயனர்பெயர்ப் பெட்டியின் கடைசியில் கர்சரை வைத்து ஒருமுறை அழிப்பு விசையைத் தட்டிப் பார்க்கச் சொல்கிறேன். முதல் எழுத்து தானாகப் பெரிய எழுத்தாவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த தொல்லைதான். பிற நிறுவனங்களின் வளாகத்திலும் தன் கணக்கைக் கொண்டே இணைய உதவும் எஜுரோம் என்ற ஏற்பாட்டைப் பயன்படுத்தும் வளாகங்களில் பயனர்பெயரோடு நிறுவனத்தின் டொமைன் பெயரையும் மின்னஞ்சல் முகவரி போலச் சேர்த்து எழுத வேண்டும். தன் வளாகத்தில் அது இல்லாமலே இணைந்துவிட்டவர் வேறு ஊருக்குப் போன பிறகுதான் மாட்டிக்கொள்வார், ஏனெனில் அந்தப் பின்பகுதியை வைத்துத்தான் எந்த நிறுவனத்தின் சர்வரிடம் கேட்பது என்று அங்கே முடிவாகிறது. இந்தியாவில் எஜுரோமை நடத்துவது கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான வலையமைப்பான எர்நெட் இந்தியா.

இதே வகையில் சேர்ந்த இன்னொன்று கணக்குப் பூட்டப்படுதல். கடவுச்சொல்லை மாற்றியவர் மடிக்கணினியில் புதியதைப் பதிந்துவிடுவார். பையில் கிடக்கும் கைபேசியும் அறையில் இருக்கும் டேப்லெட்டும் பழையதையே மணிக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தவறினால் பூட்டும் ஏற்பாடு இருந்தால், நாம் இங்கே பூட்டைத் திறக்கத் திறக்க அது அங்கே மீண்டும் விழும். திறப்பதற்கு முன் அவருடைய எல்லாக் கருவிகளிலும் வைஃபையை நிறுத்தச் சொல்லுங்கள். எந்தக் கருவி தவறான கடவுச்சொல்லை அனுப்புகிறது என்பதை, ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்ணான மேக் முகவரியைக் கொண்டு பதிவேட்டிலேயே காணலாம். "எங்கிட்ட வேற போனே இல்ல" என்று உறுதியாகச் சொன்ன ஒருவரின் பழைய கைபேசி, ஊருக்குப் போன அறைத்தோழரின் அலமாரியில் சார்ஜரோடு இருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தோம்.

இரண்டாம் வகை, சான்றிதழ். 2020 டிசம்பரில் ஆண்ட்ராய்டு 11-க்கு வந்த மேம்படுத்தலோடு, சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம் என்ற தேர்வு பிக்சல் கைபேசிகளில் நீக்கப்பட்டது. பிற நிறுவனங்களின் கைபேசிகளிலும் அது படிப்படியாக மறைந்தது. அதுவரை பல வளாகங்களின் வழிகாட்டித் தாள்களில் அந்தத் தேர்வைத்தான் அழுத்தச் சொல்லியிருந்தார்கள். இப்போது "யூஸ் சிஸ்டம் சர்டிஃபிகேட்ஸ்" என்பதைத் தேர்ந்து, அதன் கீழுள்ள டொமைன் பெட்டியையும் நிரப்பியாக வேண்டும். அந்தப் பெட்டியில் நம் ரேடியஸ் சர்வரின் சான்றிதழில் உள்ள பெயரோ, அதன் பின்பகுதியோ வர வேண்டும். தாளில் அதை அச்சிடாமல் விட்டால் மாணவர்கள் ஜிமெயில் டாட் காம் என்று எழுதுவார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது, டொமைன் என்றதும் நினைவுக்கு வருவது அதுதானே. சான்றிதழை நம் வளாகமே தனக்குத்தானே வழங்கிக்கொண்டிருந்தால், அதன் மூலச் சான்றிதழைக் கைபேசியில் முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 13-லிருந்து முதல்முறை இணையும்போது காட்டப்படும் சான்றிதழை ஏற்றுக்கொண்டு, அடுத்தமுறை முதல் அதையே எதிர்பார்க்கும் முறையும் வந்திருக்கிறது. ஐபோனில் முதல்முறை சான்றிதழைக் காட்டி "ட்ரஸ்ட்" கேட்பது வழக்கமான நடைமுறை, கோளாறு அல்ல.

பழைய கைபேசியில் இன்னும் அந்தத் தேர்வு இருக்கிறதே, அதையே அழுத்தினால் வேலை முடிந்துவிடுமே என்று தோன்றும். அழுத்தச் சொல்லாதீர்கள். கடவுச்சொல்லைச் சரிபார்க்கப் பெரும்பாலான வளாகங்கள் பயன்படுத்தும் எம்எஸ்சேப் வி2 முறையில் கைபேசி அனுப்பும் விடை, 2012-இலேயே டெஸ் என்ற பழைய மறையாக்க முறையின் ஒற்றைச் சாவி அளவுக்கு உடைக்கக்கூடியது என்று செய்துகாட்டப்பட்டுவிட்டது. அந்த விடையை மூடிக் காப்பது சான்றிதழ் ஒன்றுதான். சரிபார்ப்பை நிறுத்திய கைபேசி, நம் நெட்வொர்க்கின் பெயரை வைத்துக்கொண்டு கேன்டீனில் உட்கார்ந்திருக்கும் எந்தப் போலி ஆக்சஸ் பாயிண்டிடமும் அந்த விடையைக் கொடுத்துவிடும். மதிப்பெண், கட்டணம், மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் அதே கடவுச்சொல் என்பதால் இழப்பு வைஃபையோடு நிற்காது. வரிசையில் இருபது பேர் நிற்கும்போது இதை மறந்துவிடத் தோன்றும் என்பதும் எனக்குத் தெரியும்.

சான்றிதழோடு சேர்ந்ததே தேதிப் பிழையும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு வந்த வாரத்தில் இதைக் கண்முன் பார்த்தேன். மின்சாரம் இல்லாமல் முழுதும் அணைந்துபோன ஒரு கைபேசி, சார்ஜ் ஏற்றியதும் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியோடு விழித்துக்கொண்டது. அந்தத் தேதியில் நம் சான்றிதழ் பிறந்திருக்கவே இல்லை என்பதால் கைபேசி அதை மறுத்தது. டவரில் சிக்னல் இல்லாததால் தேதி தானாகத் திருந்தவும் வழியில்லை. வைஃபை கிடைத்தால் தேதி திருந்தும், தேதி திருந்தினால்தான் வைஃபை கிடைக்கும் என்று இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. தேதியைக் கையால் மாற்றியதும் அடுத்த நொடியே இணைந்தது. ஆகவே திரையின் மேல்மூலையில் உள்ள கடிகாரத்தையும், அமைப்புகளில் உள்ள தேதியையும் ஒருமுறை பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரே காலையில் எல்லாக் கைபேசிகளும் சேர்ந்து கடவுச்சொல் கேட்கத் தொடங்கினால் மேசையில் நேரத்தை வீணாக்க வேண்டாம். நம் சர்வரின் சான்றிதழ் நள்ளிரவில் காலாவதியாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

"ஐபி முகவரி பெறப்படுகிறது" என்றே நிற்கிறது

கடவுச்சொல் ஏற்கப்பட்டுவிட்டது, முகவரி தருபவர்தான் இல்லை. ஆண்ட்ராய்டில் சற்றுநேரம் சுற்றிவிட்டு இணைப்பு விலகும். ஐபோனில் இணைந்ததுபோலவே காட்டும். உள்ளே சென்று பார்த்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி இருக்கும். அது எவரும் தராததால் கைபேசி தானே சூட்டிக்கொண்ட முகவரி.

பெரும்பாலும் காரணம் கணக்குதான். ஒரு கட்டடத்திற்கு 254 முகவரிகள் ஒதுக்கியிருக்கிறோம், அதில் ஒன்று வெளியே செல்லும் வாயிலான கேட்வேக்குப் போய்விடும் என்று வையுங்கள். காலை வகுப்புக்கு வரும் 180 பேரிடம் 180 கைபேசிகள், பாதிப் பேரிடம் மடிக்கணினி, ஆக 270. அப்போதே பற்றாக்குறை. முகவரிக்கான குத்தகைக் காலம் எட்டு மணி நேரம் என்றால், காலைத் தொகுதி வீட்டுக்குப் போன பிறகும் முகவரிகள் அவர்கள் பெயரிலேயே கிடக்கும், ஏனெனில் கைபேசிகள் கிளம்பும்போது முகவரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. மதியம் வருபவர் வாசலில் நிற்பார். வகுப்பறைக் கட்டடங்களில் குத்தகையை ஒரு மணி நேரமாகக் குறைப்பதும், ஒதுக்கீட்டை 1,022 முகவரிகள் கிடைக்கும் அளவுக்கு விரிப்பதும் போதுமானது. ஹாஸ்டலில் இரவு 9 மணிக்கு வரும் இதே புகார் விடியற்காலை 3 மணிக்கு வருவதில்லை என்றால் அது முகவரிப் பற்றாக்குறைதான்.

ஆனால் ஒரே ஓர் ஆக்சஸ் பாயிண்டின் கீழ் மட்டும், எந்நேரமும் இது நடந்தால் ஒதுக்கீட்டை விரிக்காதீர்கள். அந்த ஆக்சஸ் பாயிண்ட் செருகப்பட்டிருக்கும் சுவிட்ச் போர்ட்டில் உரிய விலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழுதான சுவிட்சை மாற்றிய மறுநாள் இது அடிக்கடி நடக்கும். ஒரே ஒரு கைபேசிக்கு மட்டும் என்றால், தங்கியிருந்த விடுதியில் யாரோ சொல்லிக் கையால் ஒரு மாறாத (ஸ்டாட்டிக்) முகவரி போட்டிருப்பார்; ஐபி அமைப்பை, முகவரியைத் தானாகப் பெறும் டிஎச்சிபிக்கு மாற்றினால் முடிந்தது.

இணைந்தது, ஆனால் லாகின் பக்கம் வரவில்லை

ஒரு வைஃபையில் இணைந்ததும் கைபேசி தன் நிறுவனத்தின் ஒரு சிறு பக்கத்தைச் சத்தமில்லாமல் கேட்டுப் பார்க்கும். எதிர்பார்த்த விடை வந்தால் நெட் இருக்கிறது என்று முடிவு செய்யும். வேறு விடை வந்தால் லாகின் பக்கம் இருக்கிறது என்று புரிந்துகொண்டு அதைத் திறக்கும். இந்தச் சோதனையை எது மறித்தாலும் பக்கம் வராது. முதல் சந்தேகம் விபிஎன் மீது இருக்கட்டும். அதை நிறுத்திப் பாருங்கள். அடுத்தது பிரைவேட் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சர்வரை நாமே தேர்ந்துகொள்வது. ஆண்ட்ராய்டு 9-லிருந்து உள்ள இந்த வசதியில், விளம்பரங்களைத் தடுப்பதற்காக மாணவர்கள் ஏதேனும் ஒரு சர்வரின் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். அது 853 என்ற போர்ட்டைப் பயன்படுத்தும். லாகின் முடியும் வரை நாம் அதைத் திறப்பதில்லை. எனவே கைபேசிக்கு எந்தத் தளத்தின் முகவரியும் கிடைக்காது. அதைத் தானியங்கி நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். வீட்டில் அது ஒழுங்காக ஓடுவதால், தன் கைபேசியில் குறையே இல்லை என்று அவர் வாதிடுவார். அவர் சொல்வதும் உண்மைதான்.

பிரவுசரைத் திறந்து வழக்கமான தளம் எதையாவது தட்டினால் லாகின் பக்கம் வரும் என்ற பழைய அறிவுரை இப்போது பலிப்பதில்லை. ஏறக்குறைய எல்லாத் தளங்களும் மறையாக்கம் செய்யும் எச்டிடிபிஎஸ் ஆகிவிட்டதால், அவற்றை இடையில் திருப்பினால் பிரவுசர் எச்சரிக்கை கொடுத்து நின்றுவிடும். மறையாக்கம் இல்லாத பக்கம் ஒன்று வேண்டும். இதற்கென்றே இருக்கும் நெவர் எஸ்எஸ்எல் டாட் காம் என்ற தளத்தை மேசையில் ஒட்டி வைத்திருக்கிறோம். ஐபோனில் தானாகத் திறக்கும் சிறு சாளரத்தை லாகின் முடியும் முன் "கேன்சல்" கொடுத்து மூடினால் வைஃபையே விலகிவிடக்கூடும் என்பதையும் அங்கேயே எழுதி வையுங்கள்.

நேற்று வரை வேலை செய்தது, இன்று பதிவு செய்யாத கருவி என்கிறது

மேக் முகவரியைப் பதிவு செய்துகொண்டு கைபேசிகளை அனுமதிக்கும் வளாகங்களுக்கு மட்டுமே உரிய நோய் இது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகிய பதிப்புகளிலிருந்து, கைபேசிகள் தொழிற்சாலையில் பொறித்த மேக் முகவரியை வெளியே காட்டாமல், ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு புனைமுகவரியைக் காட்டுகின்றன. அடையாளம் காண்பது எளிது: முகவரியின் இரண்டாம் எழுத்து 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது புனைமுகவரி.

இங்கேதான் நான் முதலில் சொன்ன "ஃபர்கெட்" நேரடியாகக் கெடுதல் செய்கிறது. ஆண்ட்ராய்டில் பொதுவாக அதே நெட்வொர்க்கில் மீண்டும் சேர்ந்தால் அதே புனைமுகவரிதான் வரும். ஐபோனிலோ நெட்வொர்க்கை மறக்கச் செய்தால் அந்த முகவரியும் மறந்துபோகலாம். ஐஓஎஸ் 15-லிருந்து, ஆறு வாரம் அந்த நெட்வொர்க்கில் சேராமல் இருந்தாலும் அடுத்தமுறை வேறு முகவரி வரும். கோடை விடுமுறை முடிந்து ஜூனில் திரும்பி வரும் ஐபோன்கள் அத்தனையும் அந்நியர்களாகி நிற்பதற்குக் காரணம் இதுவே. ஒருவருக்கு மூன்று கருவி என்ற வரம்பும் இருந்தால், ஒரே கைபேசி மூன்று இடத்தையும் பிடித்துக்கொண்டு மடிக்கணினிக்கு இடமில்லாமல் செய்துவிடும். பழைய பதிவுகளை நீக்கி, அந்தக் கைபேசியில் நம் நெட்வொர்க்குக்கு மட்டும் பிரைவேட் அட்ரஸ் தேர்வை "ஃபிக்ஸ்ட்" என்றோ "ஆஃப்" என்றோ வைக்கச் சொல்லலாம். எல்லா நெட்வொர்க்குக்கும் நிறுத்தச் சொல்வது தவறு. பேருந்து நிலையத்திலும் கடைகளிலும் அவருக்கு அது வேண்டும்.

நிலையான தீர்வு வேறு. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட் இன் வெளியிட்ட உத்தரவின்படி கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும்; எந்த நேரத்தில் யார் இணைந்திருந்தார் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு மேக் முகவரியை நம்பியிருப்பது மணல்மேல் கட்டிய வீடு. ஆளை அவருடைய பயனர்பெயரால் அறியும் 802.1எக்ஸ் முறைக்கு மாறிவிட்டால் புனைமுகவரி எத்தனை முறை மாறினாலும் கவலையில்லை. என்னைக் கேட்டால், இந்தப் புகாருக்காக மேசையில் செலவிடும் நேரத்தில் பாதியைச் செலவிட்டாலே அந்த மாற்றத்தைச் செய்து முடித்துவிடலாம்.

சிக்னல் முழுதாக இருக்கிறது, ஆனால் ஓடவில்லை

கைபேசித் திரையில் உள்ள கோடுகள் ஆக்சஸ் பாயிண்ட் பேசுவது கைபேசிக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டுமே காட்டும். கைபேசியின் சிறிய ஆன்டெனா பேசுவது ஆக்சஸ் பாயிண்டுக்குக் கேட்கிறதா என்பதை அது சொல்லாது. ஆக்சஸ் பாயிண்டின் சக்தியைக் கூட்டினால் கோடுகள் பெருகும், புகாரும் பெருகும். சக்தியைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுவதே வழி. ஹாஸ்டல்களில் ஆக்சஸ் பாயிண்டை நடைபாதையில் மாட்டியிருப்பார்கள். அறைக்குள் கான்கிரீட் சுவரும் கதவை ஒட்டி ஓர் இரும்பு அலமாரியும் இருக்கும். அலமாரியை எதிர்ச்சுவருக்கு நகர்த்தியதிலேயே தீர்ந்த புகார்கள் இரண்டு என் கணக்கில் உண்டு.

நடந்துகொண்டே பேசும்போது அழைப்பு அறுகிறது என்றால், கைபேசி பழைய ஆக்சஸ் பாயிண்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எப்போது மாறுவது என்று முடிவு செய்வது கைபேசிதான். ஐபோன், சிக்னல் -70 டிபிஎம்முக்கு (சிக்னல் வலிமையின் அளவு) கீழே இறங்கிய பிறகே அடுத்ததைத் தேடத் தொடங்கும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். மிகக் குறைந்த வேக விகிதங்களை ஆக்சஸ் பாயிண்டில் நிறுத்திவிட்டால் தொலைவில் தொங்கிக்கொண்டிருக்கும் கைபேசிகள் தாமாக விலகி வரும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. வைஃபை மெதுவாக இருக்கிறதென்று ஒரு மாணவர் தன் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போடுவார்; அது அதே சேனலில் இரைச்சலைக் கூட்டும்; அடுத்த அறைக்காரரும் போடுவார். ஒரு மாடியில் பதினைந்து ஹாட்ஸ்பாட்டுகளை எண்ணியிருக்கிறேன். கடற்கரையை ஒட்டிய வளாகங்களில் வெளிப்புற ஆக்சஸ் பாயிண்டுகளின் இணைப்பு முனைகளை உப்புக்காற்று அரிப்பதையும் மறக்கக் கூடாது. ஓரிடத்தில் மட்டும் மாதந்தோறும் வேகம் குறைந்துகொண்டே வந்தால் ஏணியை எடுத்துக்கொண்டு போய் முனையைக் கழற்றிப் பாருங்கள், பச்சையாகப் பூத்திருக்கும்.

ஒரே ஒரு செயலி மட்டும் வேலை செய்யவில்லை

வாட்ஸ்அப்பில் செய்தி போகிறது, அழைப்பு மட்டும் "ரீகனெக்டிங்" என்று நிற்கிறது என்றால் அழைப்பின் ஒலியைச் சுமக்கும் யுடிபி என்ற போக்குவரத்து ஃபயர்வாலில் மறிக்கப்பட்டிருக்கிறது. கைபேசியிலிருந்து ஹாஸ்டல் டிவிக்குப் படம் போடமுடியவில்லை என்றால் கருவிகள் ஒன்றையொன்று காணாதபடி நாமே தடுத்திருக்கிறோம்; அதைத் தளர்த்துவது நிர்வாகத்தின் முடிவு, மேசையில் செய்யக்கூடியது அல்ல. யுபிஐ செயலி முதன்முறை எண்ணைச் சரிபார்க்க சிம்மிலிருந்து குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அது வைஃபை தொடர்பான புகாரே இல்லை.

எப்போது மறக்கச் செய்யலாம்

சான்றிதழ் வழங்கும் நிறுவனத்தையே நாம் மாற்றிவிட்டோம், பயனர்பெயரின் வடிவம் மாறிவிட்டது, அல்லது பழைய வழிகாட்டித் தாளின்படி சரிபார்ப்பை நிறுத்திய அமைப்பு கைபேசியில் கிடக்கிறது என்றால் "ஃபர்கெட்" கொடுப்பது சரியே. ஆனால் முதலில் திரையின் வாசகத்தையும் மேக் முகவரியையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மாணவருக்குத் தன் கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு முன் ஒருமுறை தட்டியதோடு மறந்தவர்கள்தான் பெரும்பாலோர், அழித்த பிறகு அதைக் கண்டுபிடிக்க இன்னொரு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஐபோனில் நம் வைஃபை அமைப்பு ஒரு புரொஃபைல் (அமைப்புகளைத் தொகுத்துத் தரும் கோப்பு) வழியாக நிறுவப்பட்டிருந்தால் வைஃபை பட்டியலில் மறக்கும் பொத்தானைத் தேடிப் பயனில்லை. அமைப்புகளில் "ஜெனரல்" பகுதிக்குள் "விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்" என்ற இடத்தில் அந்தப் புரொஃபைலை நீக்கிவிட்டு, புதியதை இறக்க மொபைல் டேட்டா இருக்கிறதா என்று பார்த்த பிறகே கைபேசியைத் திருப்பிக் கொடுங்கள்.